இருபது மணி மருந்து

எனக்குப் பிறகு ரைபிள் கிளப்பில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பராமரிக்கும் வேலைக்கு வந்த இரண்டு பேரும் போன வாரம் போனில் மூன்று படம் அனுப்பியிருந்தார்கள். மூன்றும் பவுடர் மெஷர். ரைபிள் தோட்டாவை நாமே நிரப்பும்போது, ஒவ்வொரு தோட்டாக் கூட்டிலும் ஒரே அளவு வெடிமருந்தைக் கொட்டும் கருவி. கீழே ஒரு வரி: "சார், இதுல எது கரெக்டா அளக்கும்னு சொல்லுங்க, ஆர்டர் போடணும்."

நடுவில் இருந்த படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதே பித்தளை உருளை, அதே கருப்புக் கைப்பிடி. முகத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

ஒரு வரியில் கேட்டுவிட்டார்கள், ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். சில வருஷம் ஆகிவிட்டது. என் மேல் எனக்கிருந்த கோபம் ஆறிப்போனது, வெட்கமும் பழகிவிட்டது. அதிர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. பல் விளக்கும்போதோ பஸ்சுக்கு நிற்கும்போதோ திடீரென்று வந்து நிற்கிறது.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் ஆயுதப் பட்டறையில் இருந்தேன். துப்பாக்கியைப் பிரிப்பது, துடைப்பது, தேய்ந்ததை மாற்றுவது, மறுபடி பூட்டுவது. தோட்டா சீல் வைத்த பெட்டியில் வரும். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கேட்கிற வேலை என்னுடையது இல்லை. ஊருக்குத் திரும்பி வேட்டவலம் சாலைப் பக்கம் இருக்கும் ரைபிள் கிளப்பில் ஆர்மரராகச் சேர்ந்தபோதும் அதே கதைதான். உதிரி மருந்தை என் கண்ணால் பார்த்ததே நாற்பத்தெட்டு வயதில்தான்.

அங்கே எனக்கு மேலதிகாரி வேதமாணிக்கம் சார், ரேஞ்ச் ஆபீசர். அவரும் பட்டாளத்துக்காரர், சுடுவதற்குப் பயிற்சி கொடுத்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், குரலை உயர்த்த மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைக்க வைக்கும் அமைதி அது. அவரிடம் வெறும் எண்ணைச் சொல்லவே முடியாது. "தூரம் அம்பது சார்" என்றால் நின்றுவிடுவார். "அம்பது என்னா ஏழுமலை? இட்லியா, தோசையா?" மீட்டர் என்று சொன்ன பிறகுதான் நகர்வார். எந்த அளவும் இரண்டு பேர் வாயால் வர வேண்டும் என்பது அவர் சட்டம். ஒருவர் எண்ணையும் அலகையும் சேர்த்துச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி, பிறகு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கிளப்பில் பலர் இதைக் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. அந்தச் சட்டம் இருக்கும்வரை தப்பு நடக்கவே நடக்காது என்று நம்பினேன்.

தேர்ந்த போட்டியாளர்கள் தங்கள் தோட்டாவை நிரப்பிக்கொள்ள அனுமதி வாங்கலாம் என்று அரசு விதி வந்தபோது, எங்கள் கிளப்பில் அதை வாங்கியவர் கோமதி டீச்சர். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைக்கிற குடும்பம். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாநில அளவில் சுட்டுக்கொண்டிருந்தார். தேர்வுப் போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கம்பெனித் தோட்டா வந்து சேருகிற வழியைக் காணோம். பயிற்சிக்கு, உதை கம்மியான லேசான தோட்டாவாக நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார். மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி அவர் பேரில், நிரப்புகிற வேலை என் கையில், மேற்பார்வை சாருடையது.

முதலில் மெஷரைத் தேர்ந்தெடுத்தோம். தம்பிகளா, நீங்கள் கேட்டது இதைத்தானே, ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கருவி எடை போடுவதில்லை. உருளையில் ஒரு குழி இருக்கும். கைப்பிடியை மேலே தூக்கினால் குழியில் மருந்து நிரம்பும், கீழே இறக்கினால் கூட்டுக்குள் கொட்டும். குழியின் ஆழத்தைத் திருகு வைத்துக் கூட்டலாம், குறைக்கலாம். படியால் அரிசி அளப்பது மாதிரிதான். படியைத் தட்டி அளந்தால் அரிசி ஜாஸ்தி பிடிக்கும், தட்டாமல் அளந்தால் கம்மியாக இருக்கும். கை ஒரே மாதிரி ஓடாவிட்டால் எந்தக் கருவியும் ஒரே மாதிரி கொட்டாது.

இரண்டு மெஷரை வைத்துப் பார்த்தோம். ஒன்றில் உருளை பிளாஸ்டிக். பங்குனி வெயிலில் மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. மற்றது பித்தளை. மின்விசிறியை நிறுத்தினோம். மேல் குடுவையில் மருந்து பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டோம். முதல் ஐந்து கொட்டலைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பக் குடுவையிலேயே போட்டோம். பிறகு பத்துக் கொட்டல், பத்துக் காகிதத்தில். சார் பக்கத்தில் நின்று, "மேல... நிறுத்து... கீழ... நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றைத் தராசின் ஒரு தட்டிலும் இன்னொன்றை மறு தட்டிலும் வைத்து ஒப்பிட்டோம். பித்தளை மெஷரில் பத்தும் ஒன்றுக்கொன்று அசையாமல் நின்றன. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பத்தும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். எவ்வளவு என்பதை அந்தச் சோதனை சொல்லவே இல்லை.

தராசு பற்றியும் சொல்ல வேண்டும். கிளப்பில் இருந்த எலெக்ட்ரானிக் தராசு கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணை மாற்றிக் காட்டியது. சார் அதை மூலையில் வைத்துவிட்டு, மூடிவிட்ட ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி போட்ட இரட்டைத்தட்டுத் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல தராசு. ஆனால் ஒரு கிராம், இரண்டு கிராம், ஐந்து கிராம் எடைக்கல்தான் இருந்தது. அதற்குக் கீழான சின்ன எடைகள் ஒன்றுகூட இல்லை. "நமக்கு வேண்டியது ஒரே ஒரு அளவு. அதுக்கு ஒரே ஒரு கல்லு செஞ்சிக்கலாம். கூட்டல் இல்லன்னா கூட்டல்ல தப்பும் இல்ல" என்றார் சார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

இப்போது என் பங்கு வருகிறது.

மருந்தின் அளவை உலகம் முழுக்க கிரெயின் என்ற அலகில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலக் கையேட்டில் அந்த லேசான தோட்டாவுக்கு இருபது கிரெயின் என்று இருந்தது. கிளப்பில் சுவரில் மாட்ட ஒரு தமிழ்த் தாள் வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். கிரெயின், கிராம். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அவசரத்தில் யாராவது ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் பதினைந்து மடங்கு வித்தியாசம் வரும். அப்படி நடக்கவே கூடாது என்று ரொம்ப நேரம் யோசித்து, கிரெயின் என்றால் தானிய மணிதானே என்று, 'மணி' என்று எழுதினேன். இருபது மணி. புத்தகத்தில் பக்கத்திலேயே கிராமிலும் போட்டிருந்தது, ஒன்று புள்ளி மூன்று என்று. இரண்டு அலகு இருந்தால் குழப்பம் என்று அதை எழுதாமல் விட்டேன். ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்ற நினைப்பில்தான் அத்தனையும் செய்தேன்.

சார் தாளைப் படித்துவிட்டு, "நல்ல யோசனை ஏழுமலை. கிராமோட கலக்காது" என்றார். கிளப்பில் ஒருவர், "இருபது மணின்னா ராத்திரி எட்டு மணி தானுங்களே, அப்பதான் சுடணுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். மூன்றாவது ஒன்று இருப்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கல் செய்யத் தேரடித் தெருப் பக்கம் ஒரு பத்தரிடம் போனேன். தலைமுறையாக நகை செய்கிறவர், வயதானவர், கை துல்லியம் என்று பெயர். "இருபது மணி எடையில பித்தளை வில்லை ஒண்ணு வேணும் பத்தரே, முடியளவு கூட வித்தியாசம் வரக்கூடாது" என்றேன்.

"மணி எடைலயா கேக்கறீங்க? இப்ப யாருங்க அதுல கேக்கறாங்க, எல்லாம் மில்லிகிராம்தான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்களுக்கு மணிதாங்க."

"செஞ்சிடலாம்."

இரண்டு நாளில் கொடுத்தார். தேய்த்துத் தேய்த்து எடை பார்த்துச் செய்த வில்லை, பளபளவென்று இருந்தது. அவர் கேட்டதைச் செய்தார், அவர் மேல் எள்ளளவும் குற்றம் இல்லை. அந்த வில்லையைத் தராசில் இரண்டு கிராம் கல்லுக்கு எதிரே ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் போதும். மேலே போக வேண்டிய வில்லை கீழே போயிருக்கும். நான் வைக்கவில்லை. சாரும் வைக்கச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷரின் திருகை அந்த வில்லைக்குச் சமமாக நிறுத்தினேன்.

"இருபது மணி" என்றேன்.

"இருபது மணி" என்றார் சார்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எண் இருந்தது, அலகு இருந்தது, இரண்டு வாய் சொன்னது. அறுபது கூட்டில் மருந்து கொட்டினேன். பத்துக்கு ஒன்றை எடை பார்த்தேன், எல்லாம் சரி. குண்டைப் பொருத்துவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்தோம். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரம். லேசான தோட்டா என்பதால் கூட்டில் நிறைய இடம் காலியாகவே இருந்தது. இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. சரியான உயரம் எது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அதுதான் எங்கள் முதல் தோட்டா.

கோமதி டீச்சர் அடுத்த ஞாயிறு வந்தார். பாயில் படுத்து, ரைபிளை வலது தோளில் அணைத்து, கன்னத்தை வைத்தார். நான் நாலு அடி பின்னால் நின்றேன். சத்தம் வேறு மாதிரி வந்தது. டப் என்று வர வேண்டியது, தகரத்தைக் கிழித்த மாதிரி வந்தது. தோட்டாவை உள்ளே அடைக்கும் போல்ட் பக்கம் புகை பீறிட்டது. அவர் கத்தவில்லை. ரைபிளை மெதுவாகக் கீழே வைத்தார், பாதுகாப்பு விதி சொல்லும் விதமாகவே. பிறகு வலது கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்தான். வலக்கண் ஓரத்து இடைவெளியில் கூட்டின் பித்தளைத் துணுக்கு நுழைந்திருந்தது.

"என் கண்ணு இருக்குதா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் இன்று வரை விழுங்க முடியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இன்னொன்று செய்தால்தான் பார்வை பற்றி ஏதாவது சொல்ல முடியும் என்றார் டாக்டர். கிளப்பில் எல்லாரும் ரைபிளைக் குற்றம் சொன்னார்கள். நானும்தான். இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டு விரிசல் தேடினேன். வெடிப்பதற்கு முன்பே இருந்த குறை ஒன்றும் அகப்படவில்லை. சார் மட்டும், "தோட்டாவையும் பாரு" என்றார். பத்தைப் பிரித்து, மருந்தை எடுத்து, வில்லைக்கு எதிரே வைத்தேன். முள் நட்டநடுவில் நின்றது. "தோட்டா மேல தப்பே இல்ல சார்" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். தப்பான கல்லை வைத்தே தப்பைத் தேடியிருக்கிறேன்.

மீதி நாற்பத்தொன்பது இருந்தது. "அப்ப, வேற ரைபிள்ல போட்டு நானே சுட்டுப் பாக்கறேன். தோட்டா நல்லதுன்னா ரைபிள் மேல ரிப்போர்ட் எழுதிடலாம்" என்றார் சார். வேறு யாரையும் அவர் சுட விடமாட்டார். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று முடிவானது.

அந்தப் புதன் பௌர்ணமி. செங்கம் சாலையில் காலையிலேயே கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு கோமதி டீச்சருக்கு இரண்டாவது ஆபரேஷன் என்பதால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய அம்மா பக்கத்தில். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத மனுஷி. "சாப்ட்டீங்களா சார்? அந்தத் துப்பாக்கி பாழாப்போக. நீங்க என்னா பண்ணுவீங்க" என்றார்.

பேசிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே மகளின் கம்மல். "ஆபரேசனுக்குக் கழட்டணும்னு நர்சம்மா சொன்னாங்க. இங்க எங்கனா வுட்ருவேனோன்னு பயம். எங்கூர் பத்தரு செஞ்சது. ரெண்டும் சேந்து இருபது மணி எட."

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. "இருபது என்னாங்கம்மா?"

"மணிங்க. குண்டுமணி."

"கிராம்ல எவ்ளோ வரும்?"

"ரெண்டு கிராம் அறநூறுன்னு சீட்டுல போட்டிருந்தாங்க. ஏன் சார்?"

இருபது கிரெயின் ஒன்று புள்ளி மூன்று கிராம். இருபது குண்டுமணி இரண்டு புள்ளி ஆறு. அச்சு அசலாக இரண்டு மடங்கு. வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிற வாய் என்னுடையது. நகை செய்கிறவரிடம் போய் மணி என்றால் வேறு எதை நினைப்பார்? அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் டம்ளரை நீட்டினார், வாங்கிக் கீழே வைத்தேன்.

மறைத்திருக்கலாம். வெளியே போய், சாரிடம் மட்டும் சொல்லி, பக்குவமாக இவர்களுக்குச் சொல்லலாம் என்று ஒரு நொடி மனம் போனது. அந்த ஒரு நொடியையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு அங்கேயே சொன்னேன். "துப்பாக்கி இல்லம்மா. நான்தான். ரெண்டு மடங்கு மருந்து போட்டுட்டேன்."

அம்மா கம்மலை மறுபடி முடிந்தார். முடிச்சு விழவில்லை. கோமதி டீச்சர் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"மீதித் தோட்டா எங்க சார் இருக்குது?" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கு மூன்று நிமிடம். சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ரேஞ்சுக்குள் போகிறவர்கள் போனைக் கேட்டில் தகரப் பெட்டியில் போட வேண்டும், அதுவும் சாரே வைத்த சட்டம். ஆட்டோ பிடித்தாலும் அந்தக் கூட்டத்தில் நகராது. கேட்டில் இருக்கும் ரஹீம் பாய்க்குப் போட்டேன்.

"பாய், சார் எங்க?"

"படுத்துட்டாருங்க. செவப்புக் கொடி ஏத்தியாச்சி."

"சுட வேணாம்னு போய்ச் சொல்லுங்க."

"கொடி மேல இருக்கறப்ப நான் எப்டிங்க உள்ள போறது?"

சுடும் நேரத்தில் கொடி இறங்கினாலே விரலை எடுக்க வேண்டும் என்பது எந்த ரேஞ்சுக்கும் விதி. "கொடிய எறக்குங்க பாய். கயித்த அறுத்தாலும் சரி, எறக்குங்க."

போன் எதன் மேலோ விழுந்த சத்தம். ஓடும் செருப்புச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தேன். கட்டிலில் கோமதி டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் பாய் இரைக்க இரைக்கச் சொன்னார்: "தலையத் தூக்கிட்டாருங்க. தோட்டாவ வெளிய எடுத்துட்டாரு."

கோமதி டீச்சர் தலையணையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

சாயங்காலம் சாரிடம் வில்லையைக் கொடுத்தேன். இரண்டு கிராம் கல்லுக்கு எதிரே வைத்தார். தட்டு கீழே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுவரில் இருந்த தாளைக் கழற்றினார். ரிப்போர்ட்டில் என் பெயரையும் அவர் பெயரையும் அவரே எழுதினார். விசாரணை நடந்தது, நிரப்புவது ஒரு வருஷம் நின்றது, எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அவர் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டார். காரணம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஆகவே தம்பிகளா, நடுவில் இருக்கும் பித்தளை மெஷரையே வாங்குங்கள். நன்றாக அளக்கும். சொன்னதைச் சொன்னபடி அறுபது தடவையும் கொட்டும். அதனால்தான் சொல்கிறேன், முத்திரையிட்ட கிராம் கல் ஒரு பெட்டி முழுசாக வாங்கிய பிறகு அதை வாங்குங்கள். எந்தக் கல் புதிதாக வந்தாலும் இன்னொரு கல்லுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். நான் எழுதிய தாள் எங்காவது கிடந்தால் கிழித்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நிரப்பிக் கொடுக்கப்போகும் கோமதி மேடம், இந்த மாவட்டத்திலேயே இடது தோளில் வைத்துச் சுடும் ஒரே ஆள் என்று நீங்கள் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிறவி இடக்கை, அதனால்தான் அந்த நிதானம் என்று வெளியூர்க்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் மறுத்துப் பேசியதில்லை, நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் சோறு சாப்பிடும்போது பாருங்கள். பிறவியில் அவர் வலக்கைக்காரர்.